ஆன்னி ராஸ் விட்டுச்சென்ற இடத்தில் ஒரு கொழும்புப் பெண்: குழுவில் பாடும் ஜாஸ் பாடகிக்குத் தனிக் குரல் உண்டா?

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் நான்கு பேர் கொண்ட ஒரு சிறிய பாடற்குழுவில் மூன்று மாதங்களாகப் பாடி வருகிறேன். எனக்கு முன்பு பாடியவர் திருமணமாகி வெளிநாடு சென்றுவிட்டதால் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. அவருடைய பகுதிகளை எழுதிவைத்த தாள் எதுவும் இல்லை. பழைய பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டே கற்றுக்கொண்டேன். அவர் மூச்செடுத்த இடத்தில் நானும் மூச்செடுக்கிறேன். அவர் ஒரு சொல்லின் கடைசி எழுத்தை இழுத்த இடத்தில் நானும் இழுக்கிறேன். சென்ற மாதம் நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பெரியவர் அருகில் வந்து, "முந்தின பிள்ளை பாடினது போலவே இருந்தது, மகள்" என்று மனமாரப் பாராட்டினார். அவர் அன்போடுதான் சொன்னார். ஆனாலும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இதை எங்கள் குழுவின் மூத்தவரிடம் சொன்னபோது, அவர் யோலண்ட் பவான் என்ற பெயரைக் குறிப்பிட்டார். கொழும்பில் பிறந்த ஒரு பெண், 1962இல் 'லாம்பர்ட், ஹெண்ட்ரிக்ஸ் அண்ட் ராஸ்' என்ற அமெரிக்காவின் புகழ்பெற்ற ஜாஸ் குரற்குழுவில், ஆன்னி ராஸ் என்ற பெரும் பாடகி விலகிய இடத்தில் சேர்ந்து பாடினார் என்று அவர் சொன்னது எனக்குப் புதிய செய்தி. இந்த ஊரிலேயே வளர்ந்தும் அந்தப் பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மூவர் குழுவில் மூன்றாவது பெயராக நின்ற ஆன்னி ராஸின் இசை வாழ்வு எப்படிப்பட்டது, அந்த இடத்திற்கு வந்தவருக்குப் பிறகு என்ன ஆயிற்று, குழுவுக்குள் கரைந்து பாடுகிறவருக்குத் தனக்கென்று ஒரு குரல் மிஞ்சுமா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். ஜாஸ் எனக்கு அதிகம் பழக்கமில்லை. கர்நாடக இசை ஏழு ஆண்டுகள் கற்றிருக்கிறேன்.


சுழலும் தட்டு எழுதியது:

வணக்கம் தங்கையே. நாற்பது ஆண்டுகளாக ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேர்த்து வருபவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் கர்நாடக இசை கற்றவர் என்பதால் ஓர் ஒப்புமையிலிருந்து தொடங்கலாம். சுவரஜதியில் ஒரு பகுதியை முதலில் சுவரமாகப் பாடிவிட்டு, அதே மெட்டில் சுவரத்துக்குச் சுவரம் பொருந்தும்படி சாகித்தியத்தைப் பாடுகிறோம் அல்லவா? அந்தக் குழு செய்ததும் ஏறக்குறைய அதுவே. ஜாஸில் ஒரு சாக்ஸபோன் கலைஞரோ ட்ரம்பெட் கலைஞரோ அந்தக் கணத்தில் கற்பனையாகத் தனித்து வாசித்ததை இசைத்தட்டிலிருந்து கேட்டு, அதன் ஒவ்வொரு சுவரத்துக்கும் சொல் அமைத்துப் பாடும் முறைக்கு வோக்கலீஸ் என்று பெயர். பொருளற்ற அசைகளைக் கொண்டு பாடகரே அவ்விடத்தில் கற்பனை செய்வது ஸ்கேட்; அதை நம்முடைய கற்பனைச் சுவரத்தோடு ஒப்பிடலாம். வோக்கலீஸில் அந்தச் சுதந்திரம் கிடையாது. வேறொருவரின் கற்பனையை, அவருடைய மூச்சோடும் நெளிவோடும், சொல் சிதையாமல் பாடியாக வேண்டும்.

ஆன்னி ராஸ் 1930இல் இங்கிலாந்தில், மேடைக் கலைஞர்களான ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே அமெரிக்கா சென்று, பாடகியும் நடிகையுமான எல்லா லோகன் என்ற தம் தாயின் சகோதரியிடம் வளர்ந்தார். 1938இல் வெளிவந்த ஒரு குறும்படத்தில், ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல் ஒன்றை ஜாஸ் தாளத்தில் துள்ளலாகப் பாடும் சிறுமியாக அவரைக் காணலாம். பெரியவளானதும் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். ட்ரம்ஸ் கலைஞர் கென்னி கிளார்க் முதலானோர் வாழ்ந்த பாரிஸ் நகரின் ஜாஸ் சூழலில்தான் அவருடைய பாட்டு உருப்பெற்றது.

1952இல் பிரெஸ்டீஜ் இசைத்தட்டு நிறுவனத்தின் பாப் வைன்ஸ்டாக் அவரிடம் வோக்கலீஸ் எழுத முடியுமா என்று கேட்டார். ஆன்னி தேர்ந்துகொண்டது, டெனர் சாக்ஸபோன் கலைஞர் வார்டெல் கிரே 1949இல் பதிவு செய்த 'ட்விஸ்டெட்'. மனநல மருத்துவரிடம் செல்லும் ஒரு பெண், தன்னைப் பைத்தியம் என்று சொன்ன மருத்துவருக்கு மறுமொழி சொல்வதாக அந்தப் பாடலை அவர் எழுதினார். சாக்ஸபோன் ஒரே மூச்சில் சரிந்து இறங்கும் இடத்தில் சொற்களும் சரிந்து இறங்குகின்றன. அது திடீரென்று மேலே தாவும் இடத்தில் அந்தப் பெண்ணின் குரல் வாதாடுவதுபோல் எழுகிறது. மெட்டு ஓர் ஆணுடையது, கருவியும் அவருடையது. இருந்தும் பாடலைக் கேட்கும் எவருக்கும் அங்கே நிற்பவள் ஆன்னி ராஸ் என்பதில் ஐயம் எழாது. பிற்காலத்தில் பாடகி ஜோனி மிட்சல் 1974ஆம் ஆண்டுத் தம் இசைத்தட்டில் இதைப் பாடினார். பெட் மிட்லரும் பாடியிருக்கிறார்.

ஆகவே குழுவில் சேரும் முன்பே அவர் பெயர் பெற்றிருந்தார் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். குழு அமைந்த விதமே தற்செயலானது. 1957இல் பாடகர்களான டேவ் லாம்பர்ட், ஜான் ஹெண்ட்ரிக்ஸ் ஆகிய இருவரும், ஜாஸ் பியானோ கலைஞர் கவுன்ட் பேஸியின் பெரிய வாத்தியக் குழு வாசித்தவற்றை முழுக்க முழுக்க மனிதக் குரலில் பாடிப் பதிவு செய்ய முனைந்தனர். ஹெண்ட்ரிக்ஸ் எல்லாக் கருவிகளுக்கும் சொல் எழுதினார். லாம்பர்ட் குரல்களை வகுத்தார். இதற்காக ஒலிப்பதிவுக் கூடத்தில் நாள்தோறும் பாடிப் பழகிய தேர்ந்த பாடகர்கள் பலரை அழைத்தார்கள். அவர்களுக்குப் பேஸியின் நடையைக் கற்றுக்கொடுப்பதற்காக அழைக்கப்பட்டவரே ஆன்னி. சுவரம் பிசகவில்லை, ஆனால் அந்த நடை அவர்களுக்கு வரவில்லை. பேஸியின் இசையில் தாளத்தின் மேல் சற்றே சாய்ந்து, அவசரப்படாமல் அமரும் ஒரு தன்மை உண்டு. அது காதில் ஊறினால்தான் வரும். முடிவில் அந்தப் பாடகர்களை அனுப்பிவிட்டு, மூவரும் தங்கள் குரல்களையே ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை பதிவு செய்து, மூன்று பேரைக் கொண்டே ஒரு முழு வாத்தியக் குழுவை உருவாக்கினார்கள். பின்னணியில் பேஸியின் குழுவைச் சேர்ந்த ஃப்ரெடி கிரீன் கிட்டார் வாசித்தார்.

அந்த இசைத்தட்டில் 'ஃபியெஸ்டா இன் ப்ளூ' என்ற பாடலைத் தவறாமல் கேளுங்கள். பேஸி குழுவின் பக் கிளேட்டன் வாசித்த ட்ரம்பெட்டை ஆன்னி தனியாக ஏற்றுப் பாடுகிறார். உச்சத்தில் கருவியின் கூர்மை அப்படியே இருக்கிறது. ஆனால் அது கத்தலாகவில்லை. குரல் மெலிந்து, ஒளி ஊடுருவும் கண்ணாடி போலாகி, மேலே நிற்கிறது. இருபது முறையாவது கேட்டிருப்பேன், அந்த இடம் வரும்போது கையில் உள்ள வேலையை இன்றும் நிறுத்திவிடுகிறேன்.

1959இல் கொலம்பியா நிறுவனத்திற்காக அவர்கள் பாடிய தட்டில் 'ட்விஸ்டெட்' மீண்டும் இடம்பெற்றது. 1961இல் வந்த 'ஹை ஃப்ளையிங்' குரற்குழுவுக்கான கிராமி விருதைப் பெற்றது. ஆனால் ஊர் ஊராகச் சென்று இரவுதோறும் பாடிய அந்த ஆண்டுகளில் ஆன்னி ஹெராயின் பழக்கத்தில் சிக்கியிருந்தார். பிற்காலத்தில் அவரே அதை மறைக்காமல் பேசியிருக்கிறார். 1962இல் குழுவை விட்டு விலகி லண்டனில் தங்கி, அதிலிருந்து மீண்டார். அவர் விலகாமல் இருந்திருந்தால் எத்தனை தட்டுகள் கிடைத்திருக்கும் என்று ரசிகர்கள் வருந்துவதுண்டு. நான் அப்படி எண்ணுவதில்லை. விலகியதால்தான் அவர் 2020 வரை, தொண்ணூறாம் பிறந்தநாளுக்கு நான்கு நாட்கள் முன்பு வரை, வாழ்ந்தார்.

பவானைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லத் தோன்றவில்லை. திறமையானவர்தான். ஆனால் குழுவின் பொற்காலம் ஆன்னியோடு முடிந்துவிட்டது என்றே கருதுகிறேன். அவருக்காக வெட்டித் தைத்த சட்டையை இன்னொருவர் அணிந்ததுபோல்தான் பின்னால் வந்த தட்டுகள் எனக்குக் கேட்கின்றன.


மூன்றாம் குரல் எழுதியது:

ஐயா எழுதியவற்றில் முதற்பகுதி முழுவதையும் நன்றியோடு ஏற்கிறேன். கடைசிப் பத்தியை மட்டும் ஏற்க முடியவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் குழுக்களில் இடைக்குரல் பாடியவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

பவான் குழுவில் இருந்தது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். அதற்குள் ஆர்சிஏ விக்டர் நிறுவனம் மூன்று தட்டுகளை வெளியிட்டது: ஒன்று நியூயார்க்கின் பேஸின் ஸ்ட்ரீட் ஈஸ்ட் என்ற இசை விடுதியில், ஒன்று 1963ஆம் ஆண்டு நியூபோர்ட் ஜாஸ் விழாவில், ஒன்று வில்லேஜ் கேட் என்ற இசை விடுதியில் பதிவானது. மூன்றும் மேடைப் பதிவுகள் என்பதைக் கவனியுங்கள். ஆன்னியின் முதல் தட்டில் ஒரு குரல் நான்கு குரலாகும் வசதி இருந்தது. பிசகினால் மீண்டும் பாடலாம். பவானுக்கு அந்த வசதி ஒரு தட்டிலும் கிடைக்கவில்லை. இன்னொருவரின் குரல் வீச்சுக்காக அமைந்த மேற்பகுதிகளை, அவரை நன்கு அறிந்த ரசிகர்களின் முன்னால், ஒரே முறையில் பாட வேண்டியிருந்தது. கொழும்பிலிருந்து லண்டன் சென்று, அங்கே பாட்டும் நாடகமுமாக வாழ்ந்த ஓர் இளம்பெண் குறுகிய காலத்தில் அழைக்கப்பட்டு அதைச் செய்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். அக்காலப் புகைப்படங்களில் இரு ஆண்களுக்கு நடுவில் சேலை உடுத்தி நிற்கிறார். ஆன்னியைப் போல் தோற்றமளிக்க அவர் முயலவில்லை என்பதே எனக்கு அந்தப் படங்களில் முதலில் தெரிவது.

நியூபோர்ட் தட்டில் சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸும் ட்ரம்பெட் கலைஞர் கிளார்க் டெர்ரியும் உடன் வாசிக்கிறார்கள். அதில் உள்ள 'யே யே' என்ற பாடலுக்கு ஹெண்ட்ரிக்ஸ் சொல் எழுதியது இந்த மூவர் பாடுவதற்காகவே. அதில் ஆன்னியின் நிழல் கிடையாது. யாரும் முன்பு பாடிக்காட்டிய பாதையும் கிடையாது. ஆங்கிலேயரான ஜார்ஜி ஃபேம் அந்தப் பாடலை எடுத்துப் பாடி, 1965 ஜனவரியில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்திற்குக் கொண்டுசென்றார். பொற்காலம் முடிந்துவிட்டது என்று நாம் சொல்லும் காலத்தில் பிறந்த பாடல் அது.

இனி உங்களுக்கு, தங்கச்சி. மூச்சைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எனக்கு முன்பிருந்தவர் நெடிய உருவமும் பெரிய மூச்சும் உள்ளவர். எட்டு அட்சரங்களை ஒரே மூச்சில் கடப்பார். நான் அதையே செய்ய முயன்று, ஒவ்வொரு முறையும் ஏழாவது அட்சரத்தில் குரல் தளர்ந்து, சுருதி இறங்கிவிடும். பக்கத்தில் நின்று பாடிய அக்கா ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, "ஐந்தாவதில் மூச்செடு, அந்த இடத்தை நான் தாங்கிக்கொள்கிறேன்" என்றார். அந்த வாரத்திலிருந்து நான் ஐந்தில் எடுத்தேன், அவர் ஏழில் எடுத்தார். கேட்பவர்களுக்கு மூச்சே இல்லாத ஒரு நீண்ட கோடு கேட்டது. பழைய ஏற்பாட்டைவிட அது நன்றாக இருந்தது என்று குழுத்தலைவரே சொன்னார். குழுவில் ஒருவர் மாறினால் அவருடைய பகுதி மட்டும் மாறுவதில்லை. மற்ற எல்லோருடைய பகுதியும் சிறிது நகர வேண்டும். நகர மறுக்கும் குழுவில்தான் புதியவர் நகலாக நிற்கிறார். உங்களோடு பாடுகிறவர்கள் உங்களுக்காக எதையாவது மாற்றினார்களா?


வெள்ளவத்தை வாசகி எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. சுவரஜதி ஒப்புமை எனக்குச் சட்டென்று புரிந்தது. என் ஆசிரியை சாகித்தியம் பாடும்போது சுவரம் மனத்துக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்வார்.

அக்காவின் கேள்விக்கு நேர்மையான பதில், இல்லை என்பதுதான். அவர்கள் மாற்ற மறுத்தார்கள் என்று சொல்ல முடியாது. நான் எதையும் கேட்கவில்லை. முந்தியவரின் பகுதி என் குரலுக்கு ஒரு சுரம் மேலே இருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே அறிந்திருந்தும் சொல்லாமல் இருந்தேன். சொன்னால் வேறு ஆளைத் தேடுவார்களோ என்ற பயம்.

நேற்றிரவு 'ஃபியெஸ்டா இன் ப்ளூ'வையும் நியூபோர்ட் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டேன். என்னை அறியாமலே பவானின் பகுதியை மட்டும் பின்தொடர்ந்தேன். மூவரும் சேர்ந்து பாயும்போது அவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது எளிதாக இல்லை. கண்டுபிடித்தபின் அவரைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் பிற்காலத்தில் என்ன செய்தார்?


ஆர்மோனியப்பெட்டி எழுதியது:

வணக்கம். குழு முடிந்தபின் நடந்தவற்றை எழுதுகிறேன்.

1964இல் லாம்பர்ட் விலகினார், குழுவும் கலைந்தது. 1966 அக்டோபரில் கனெக்டிகட் நெடுஞ்சாலையில் சக்கரம் பழுதான ஒரு வண்டிக்கு உதவ இறங்கிய லாம்பர்ட், லாரி மோதி இறந்தார். குரல்களை வகுத்த மனிதர் போய்விட்டதால் பழைய அமைப்பு திரும்பக் கூடும் என்ற எண்ணத்துக்கே இடமில்லாமல் போயிற்று. ஹெண்ட்ரிக்ஸ் 2017 வரை, தொண்ணூற்றாறு வயது வரை வாழ்ந்து, பல தலைமுறைகளுக்குக் கற்பித்தார். மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் என்ற நால்வர் குழுவுக்கு அவர் சொல் எழுதிய 'பேர்ட்லேண்ட்' 1979இல் வந்தது. அந்தப் பாடல் இடம்பெற்ற தட்டுதான், கார் விபத்தில் காயமுற்று விலகிய லாரல் மாஸேவின் இடத்தில் வந்த ஷெரில் பென்டைனுக்கு அக்குழுவில் முதல் தட்டு. பின்னால் வந்தவர் பாடியபோதுதான் அக்குழு ஜாஸ் உலகில் தன் பெயரை நிலைநாட்டியது. சுழலும் தட்டு ஐயா இதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஆன்னி ராஸ் லண்டனில் 1964இல் தம் பெயரிலேயே ஓர் இசை விடுதி நடத்தினார்; நாடகத்திலும் திரைப்படத்திலும் நடித்தார். ராபர்ட் ஆல்ட்மன் 1993இல் எடுத்த 'ஷார்ட் கட்ஸ்' படத்தில் வயதான ஜாஸ் பாடகியாக வருகிறார். அப்போது அவருடைய குரலில் பழைய உச்சங்கள் இல்லை. கரகரத்து, பாதி பேச்சாகி, ஒவ்வொரு சொல்லையும் எடை பார்த்து வைக்கிறார். எனக்கு இளமைக் குரலைவிட அந்தக் குரல் நெருக்கமானது. ட்ரம்பெட்டாக வேண்டிய கடமை நீங்கியபின் எஞ்சிய குரல் அது. 2010இல் அமெரிக்காவின் தேசியக் கலை அறக்கட்டளை அவருக்கு ஜாஸ் மாஸ்டர் என்ற சிறப்பை அளித்தது.

பவானின் பாதை வேறு. அவர் தனி ஜாஸ் பாடகியாகப் பெயர் நாட்ட முயலாமல், குரல் எங்கெல்லாம் புதிதாகத் தேவைப்பட்டதோ அங்கெல்லாம் சென்றார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1969இல் பீட்டர் ஐவர்ஸ் என்ற இளைஞரின் வழக்கத்துக்கு மாறான ராக் இசைத்தட்டில் முதன்மைக் குரல் அவருடையது. 1972இல் வெளிவந்த வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவின் இரண்டாவது தட்டில், அக்குழுவின் ஜோ சாவினுல் அமைத்த 'அன்நோன் சோல்ஜர்' என்ற முதல் பாடலில், சொற்களே இல்லாத குரல்களுள் ஒன்றாக ஒலிக்கிறார். ஒரு காலத்தில் கருவிகள் வாசித்த மெட்டுகளுக்குச் சொற்களை மழைபோல் பொழிந்து பாடியவர், இங்கே சொல்லை முழுவதும் விட்டுவிட்டு மூடுபனி போல இசையின் பின்னால் நிற்பது, அவருடைய தட்டுகளை வரிசையாகக் கேட்பவருக்கு மட்டுமே கிடைக்கும் அனுபவம். பிறகு நடிப்பே அவருடைய முதன்மைத் தொழிலாயிற்று. 1986இல் வந்த 'பார்ட்டிங் கிளான்ஸஸ்' படத்தில் நடித்தார். 2006இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் மேடையேறிய 'பெர்னார்டா ஆல்பா' இசை நாடகத்திலும் நடித்துப் பாடினார். 1962இல் வேறொருவரின் இடத்தில் வந்தவர், நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே நகரத்தின் மேடையில் இருந்தார்.


சுழலும் தட்டு எழுதியது:

மூன்றாம் குரல் அம்மையாரின் பதிவைப் படித்தபின் நியூபோர்ட் தட்டை நேற்று மீண்டும் சுழலவிட்டேன். பல ஆண்டுகளாக நான் அதை ஆன்னி இல்லாத தட்டாகவே கேட்டு வந்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேற்பகுதிகளில் இன்னும் எனக்கு ஆன்னியே வேண்டும். அதை மாற்றிக்கொள்ள முடியாது. ஆனால் 'யே யே'யில் மூவரும் தாளத்தைச் சற்றே பின்னிழுத்துப் பாடும் இடத்தில், பவானின் குரல் நடுவில் தளராமல் நிற்பதை இப்போதுதான் கவனித்தேன். சட்டை பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.


வெள்ளவத்தை வாசகி எழுதியது:

இன்று மாலைப் பயிற்சியில் சொல்லிவிட்டேன். அந்தப் பாடலை ஒரு சுரம் இறக்குவதற்கு மற்ற மூவரும் உடனே இணங்கினார்கள். கீழ்க்குரல் பாடுகிறவருக்கு மட்டும் இரண்டு இடங்களில் அடிச்சுரம் எட்டவில்லை. அந்த இரண்டு இடங்களையும் அவருக்குப் பதிலாக யார் தாங்குவது என்று ஒரு மணி நேரம் பாடிப் பாடிப் பார்த்தோம். ஓர் இடம் தீர்ந்தது. மற்றதை வியாழக்கிழமை பார்க்கவிருக்கிறோம்.